சிவப்பு முகத்தின் அழுகை

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துப் பாரதக் கூத்தில் துரியோதனன் வாய் திறக்கும் முன்பே, கடைசியில் பாய் விரித்திருக்கும் கிழவிக்கு அவன் யாரென்று தெரிந்துவிடும். இருவர் பிடித்த திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். திரை விலகினால் செக்கச்செவேலென்ற முகம். கிருஷ்ணன் என்றால் பச்சை. திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாகப் பேணிவரும் கலை இது.

இந்த நிறங்கள் இரவுக்காகவும் தூரத்துக்காகவும் பிறந்தவை. முத்துவெள்ளை, செந்தூரம், அரிதாரம் ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். எடையில்லாத கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டுவார்கள். தீவட்டிச் சுடர் அசைய அசைய ஒவ்வொரு சில்லும் உயிர் பெற்ற காலம் உண்டு. இன்றைய எல்.இ.டி. வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தட்டையாகிவிடுகிறது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

தொலைக்காட்சிக்குத் தூரம் என்ற கட்டாயம் இல்லை. கேமரா கண்ணிமை வரை நெருங்கும். நுணுக்கமான நிறத்துக்கு அங்கே இடமுண்டு. ஆனாலும் நம் சீரியல்களில் வில்லிக்கு அடர்நிறப் பட்டும் பெரிய பொட்டும், பொறுமைசாலி மருமகளுக்கு வெளிர்நிறச் சேலையும்தான் பெரும்பாலும் வாய்க்கின்றன. அவள் எதிர்த்துப் பேசத் தொடங்கினால் சேலையின் நிறமும் கூடவே ஏறிவிடுகிறது. வசனம் சொன்னதையே துணியும் சொல்கிறது. பார்ப்பவர் யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

கூத்தில் நிறம் மாறாது. அதன் வலிமையே அங்கேதான் இருக்கிறது. பதினெட்டாம் போர் இரவில் தம்பிகளையும் கர்ணனையும் பறிகொடுத்த துரியோதனன் புலம்புகிறான். முகத்தில் அதே சிவப்பு. விடியும் நேரத்தில் வியர்வையோடு சாயம் கழுத்தில் இறங்குகிறது. நிறம் அவனைக் குற்றவாளி என்கிறது, பாட்டு அவனுக்காக மன்றாடுகிறது. காலையில், போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் மண்ணால் செய்த அவன் பேருருவம் மல்லாந்து கிடக்க, மனைவி பெருந்திருவாள் வேஷம் வந்து அழும்போது, இரவெல்லாம் அவனை வெறுத்த கூட்டமே கண்ணைத் துடைக்கிறது. சேலையை மாற்றி இந்த முரணை உண்டாக்க முடியாது.

கூத்தின் குறைகளும் சின்னவை அல்ல. கதகளியில் துரியோதனன் ‘கத்தி’ வேஷம்: பச்சை முகத்தில் சிவப்புக் கீற்று. அரச குலத்தில் பிறந்தவன், கெட்டுப்போனவன் என்ற இரண்டையும் அந்த முகம் ஒன்றாகச் சொல்லிவிடும். கூத்தின் முழுச்சிவப்பில் அந்த நயம் இல்லை. எல்லாப் பாரத்தையும் பாட்டும் அடவும் சுமக்க வேண்டும், சுமாரான கலைஞர் கையில் வெறும் உறுமலே மிஞ்சும். சிவப்பு என்றால் கொடுமை என்பதும் இயற்கை விதி அல்ல. சீனத்துப் பீக்கிங் ஓபராவில் விசுவாசத்துக்கு உதாரணமான குவான் யூ சிவப்பு முகத்தோடு வருகிறார், சூழ்ச்சிக்கார ட்சாவ் ட்சாவ் வெள்ளை முகத்தோடு வருகிறார்.

அதைவிட என்னை உறுத்துவது பெண் வேஷம். வியாசர் பாரதத்துத் திரௌபதி கருநிறத்தவள். கூத்தில் அவளுக்குப் பெரும்பாலும் ரோஸ் கலந்த வெளிர் பூச்சு. 1988இல் தூர்தர்ஷனில் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்திலும், 2013இல் வந்த ஸ்டார் பிளஸ் மகாபாரதத்திலும் அவள் வெளுத்தவளே. 2019இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’ கறுப்பு நிறத்துக்காக அவமானப்படும் பெண்ணை நாயகியாக்கியது. ஆனால் அங்கே கறுப்பு ஒரு துயரமாகத்தான் கதைக்குள் வந்தது. சூதாட்டச் சபையில் நியாயம் கேட்கும் கம்பீரத்தின் நிறமாக அதைக் காட்டக் கூத்துக்குத்தான் வசதி அதிகம். கண்ணனைப் பச்சையாக ஏற்றுக்கொண்டது கூத்துப் பார்க்கும் ஊர். திரௌபதி வேஷம் கட்டுபவர் துகிலுரியும் கதை நடக்கும் ஒரே ஓர் இரவில் அந்த ரோஸ் கிண்ணத்தை ஒதுக்கிவைத்துப் பார்க்கட்டும்.