உலக்கை ஓய்ந்த பிறகு

சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு உண்டு. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம், சுண்ணம் இடிக்கும் பெண்கள் பாடுவதாக அமைந்தது. உலக்கை விழும் தாளத்தில் பிறந்த இந்தப் பாட்டு மரபு காப்பியக் காலம் தொட்டு நம் பாட்டிமார் காலம் வரை வந்தது. ஊர் முனையில் ரைஸ் மில் வந்து நின்ற பிறகுதான் அது அறுந்தது. ரயிலுக்கும் அச்சுக்கும் சினிமாவுக்கும் நம் சமூக வரலாற்றில் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. நெல் குத்தும் இயந்திரத்துக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. தமிழ்ப் பெண்களின் அன்றாடத்தை இதைவிட ஆழமாக மாற்றிய பொருள் வேறில்லை என்பது என் கருத்து.

இந்தக் குறையை முதன்மையாக எடுத்துப் பேசியவர் வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட். இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பம் பற்றி 2013இல் அவர் வெளியிட்ட நூல் சைக்கிள், தையல் மிஷின், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. முதல் மூன்றும் தனி மனிதர்களின் கைக்கு வந்தவை. அரிசி ஆலையோ வீட்டு முற்றத்தில் நடந்த ஒரு வேலையையே வீட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற கேள்விகள் கிளைக்கின்றன.

அமெரிக்காவின் சைராக்யூஸ் நகரில் தயாரான எங்கல்பர்க் ஹல்லர், உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்தில் உரித்தெடுக்கும். அரிசி வெள்ளையாகும், குருணையும் கூடும். உரலில் குத்தும்போது தவிடு ஓரளவு மணியோடு ஒட்டியே நிற்கும். ஆலையில் தீட்டிய அரிசியில் அது போய்விடும். தவிட்டோடு தயமின் என்ற சத்தும் போகிறது. அது குறைந்தால் வருவது பெரிபெரி என்ற நோய்.

தமிழர் வரலாற்றில் இங்கே ஒரு முக்கியமான இடம் வருகிறது. மலாயாவில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905 வாக்கில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோய் பரவியது. வைட்டமின் என்ற பெயரே 1912இல்தான் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிந்த உண்மை. மருத்துவ நூல்கள் பிராடனையும் பிளெட்சரையும் நினைவில் வைத்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக நெல் அவித்த பெண்களின் அறிவு அவற்றில் ஒரு வழக்கமாக மட்டுமே குறிக்கப்படுகிறது. இது திருத்தப்பட வேண்டிய அநீதி.

ஆலைக்கு எதிரான குரலும் ஒரு தமிழரிடமிருந்து உரக்க எழுந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். கைக்குத்தல் அரிசி அவருக்கு உடல்நலமும் வேலைவாய்ப்பும் சேர்ந்த விஷயம். 1958இல் மத்திய அரசு கொண்டுவந்த அரிசி ஆலைச் சட்டம், புதிய ஆலைக்கு உரிமம் கொடுக்குமுன் அந்த வட்டாரத்தில் பெருமளவு வேலையிழப்பு ஏற்படுமா என்று பார்க்கச் சொன்னது. ஆனாலும் ஆலைகள் பெருகின.

குமரப்பாவின் கணக்கு சரியானது, ஆனால் முழுமையானதன்று. தன் வீட்டு நெல்லை விடியலுக்கு முன் குத்தியவளுக்கு ஆலை ஓய்வைக் கொடுத்தது. அடுத்த வீட்டு நெல்லைக் குத்தி, கூலியாகக் கொஞ்சம் அரிசியும் நொய்யும் வாங்கிப் போனவளுக்கு அடுப்பெரியும் வழியை அடைத்தது. ஒரே இயந்திரம் ஒரே தெருவில் செய்த வேலை இது. பெண்கள் என்று பொதுவாகச் சொல்லும் ஆய்வுகள் இந்தப் பிளவைத் தாண்டிப் போய்விடுகின்றன. 1970கள் முதல் ஆரணிப் பகுதியை ஆராய்ந்துவரும் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டின் எழுத்துகள் இதற்கு மாற்று. நெல் வணிகம், ஆலை, மூலதனம், கூலி எல்லாம் அவற்றில் ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன. தமிழில் முழுமையாக வரவேண்டியவை அவை.

கிரைண்டரின் கதை இன்னும் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் உருவாக்கியதாக அறியப்படும் அந்தக் கருவி, ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. விசேஷ நாளில் மட்டும் இட்லி சுட்ட கிராமத்து வீடுகளுக்கு அது அன்றாடப் பலகாரமானது. 2011இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுத்தபோது, நடந்த விவாதம் பெரும்பாலும் செலவைப் பற்றியே இருந்தது. பெண்களின் மணிநேரங்களை யாரும் வரவில் எழுதவில்லை.

சிறுதானியங்களுக்கு நேர்ந்தது வேறு. வரகின் உமி அடுக்கடுக்கானது. நெல்லுக்கான ஆலை அதற்கு ஒத்துவராது. நெல்லுக்கு இயந்திரம் வந்து, வரகும் சாமையும் உரலிலேயே நின்றதால் சோறு எது என்ற தேர்வும் மாறியது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியம் உரிக்கும் இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தது இதைப் புரிந்துகொண்டுதான். சிறுதானியத்தின் பெருமை பேசும் இன்றைய கூட்டங்களில் இந்த உழைப்பைப் பற்றி ஒரு சொல்லாவது வரவேண்டும்.

உரலில் நெல் குத்திய கடைசித் தலைமுறை இன்று எண்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் கேளுங்கள்: யார் வீட்டு நெல்லைக் குத்தினீர்கள், என்ன கூலி, ஊருக்கு மில் எந்த வருஷம் வந்தது, அதற்குப் பிறகு என்ன வேலைக்குப் போனீர்கள்? பதில்களை ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். இன்னும் பத்து வருஷம் காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.