ராஜ்மகால் மலைக்கு வந்து பாருங்கள்!

23 வயதில் ஒருத்திக்கு இதைவிட நல்ல வாழ்க்கை வாய்க்குமா? எனக்குத் தெரிந்து வாய்க்காது. மிஷனெரி என்றாலே தியாகம், கண்ணீர், காய்ச்சல் என்றுதான் கன்வென்ஷன் மேடைகளில் கேட்டு வளர்ந்தேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்லவே இல்லையே!

எனக்கு ஊர் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத். நர்சிங் முடித்த கையோடு பணித்தளத்துக்குப் பெயர் கொடுத்தேன். சென்னையிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து சாகிப்கஞ்ச் லூப் லைன். பாக்குர், பர்ஹர்வா தாண்டி தீன்பஹாடில் இறங்கி, ஜீப் போகும் மட்டும் ஜீப்பில் போய், மிச்சத்தை நடந்து ஏறினால் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலை. உச்சியில் மால்தோ மக்களின் சின்னச் சின்னக் கிராமங்கள். அரசுக் கணக்கில் இவர்கள் சௌரியா பகாடியா. அப்படி ஒரு கிராமத்தில், மண் சுவர் வீடு ஒன்றில், நானும் கன்னியாகுமரி அக்கா ஒருவரும் இருக்கிறோம்.

இங்கே நாள் தொடங்குவது ஊற்றில்தான். வெயில் காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். ஜெபம் முடித்து, அலுமினியத் தேக்சாவை எடுத்துக்கொண்டு பெண்களோடு சரிவில் இறங்குவோம். பாறை இடுக்கில் ஒரு பச்சை இலையை மடித்துச் செருகியிருப்பார்கள். அதன் நுனியிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் விழும். ஒரு தேக்சா நிறைய எவ்வளவு நேரமாகும் என்கிறீர்கள்! அந்த நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். யார் வீட்டில் குழந்தைக்குப் பால் இறங்கவில்லை, யாருக்கு ராத்திரி குளிர் காய்ச்சல், எந்தச் சரிவில் தட்டைப்பயறு பூத்திருக்கிறது, எல்லாம் அங்கேதான் தெரிய வரும். மொழி படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. புத்தகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டது ஒன்றும் ஏறவில்லை. ஊற்றடியில் கேட்டது அப்படியே நாக்கில் நின்றுவிட்டது.

மால்தோ நம் திராவிடக் குடும்பத்து மொழி என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன். இடையன்குடி கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே ராஜ்மகால் மொழி இடம்பெற்றிருக்கிறது. ஜெர்மானியரான எர்னஸ்ட் த்ரோசே என்ற மிஷனெரி 1884-இல் இதற்கு இலக்கணமே எழுதியிருக்கிறார். மலை மலையாக நடந்து, கேட்டுக் கேட்டு எழுதிய மனுஷன். அவர் பெயரைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

நர்ஸாக எனக்கு இங்கே கை நிறைய வேலை. ஜார்க்கண்டில் காலா-அசார் பிடித்து ஆட்டிய நான்கு மாவட்டங்களில் சாகிப்கஞ்சும் ஒன்று. மண் சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் மணல் ஈ கடித்து வரும் நோய். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு புடைப்பு, கவனிக்காவிட்டால் சாவு. அப்படிப்பட்ட ஒரு பையனை, அவன் அப்பா தோளில் தூக்கிக்கொள்ள, கீழே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். ஒரு காகிதப் பட்டை. கொஞ்ச நேரத்தில் அதில் இரண்டாவது சிவப்புக் கோடு மெல்ல எழும்பி வந்தது. முன்பெல்லாம் இதற்கு வாரக்கணக்கில் மருந்து. 2014-க்குப் பிறகு ஒரே ஒரு முறை ட்ரிப் ஏற்றினால் போதும் என்றாகிவிட்டது. இப்போது அந்தப் பையன் எனக்கு முன்னால் மலை ஏறி, மேலே நின்று, “தீதி (அக்கா), சீக்கிரம்!” என்று கத்துகிறான். இதற்கு ஈடாக என்ன சம்பளம் கொடுத்துவிட முடியும்?

சாப்பாடு மக்காச்சோளக் கூழ், பருப்பு, உருளைக்கிழங்கு மசியல். எனக்கு அது அமிர்தம்.

சந்தை நாள் என்றால் எங்கள் கிராமத்துக்கே கால் தரையில் நிற்காது. பெண்கள் தட்டைப்பயறு மூட்டையையும் சபாய் புல்லையும் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக இறங்குவார்கள். வாங்கும் வியாபாரியான மகாஜன் தராசில் ஏமாற்றாமல் இருக்க இப்போது பிள்ளைகளே கூட நின்று கணக்குப் பார்க்கிறார்கள். சாயங்கால வகுப்பில் அக்கா சொல்லிக்கொடுத்த கூட்டலும் பெருக்கலும்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுவதும் மால்தோவில், தோல் மேளத்தோடு. அந்தப் பாட்டு சத்தம் பக்கத்து மலைக்கும் கேட்கும்.

பிள்ளைகள் எனக்குக் கொண்டுவந்து தரும் கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உடைத்த கல்லுக்குள் அச்சு அசலாக ஓர் இலை, நரம்பு நரம்பாக! டைனோசர் காலத்துச் செடி. தாவரவியல் மேதை பீர்பல் சாஹ்னி இந்த மலைக் கற்களை வைத்துத்தான் வில்லியம்சோனியா என்ற அழிந்துபோன செடியின் முழு உருவத்தையே வகுத்தார். இதே மலையைத்தான் ஜல்லிக்காக வெடி வைத்துத் தகர்க்கிறார்கள் என்பது நெஞ்சைப் பிசைகிறது. ஓய்வு நாளில் சாகிப்கஞ்ச் போனால் கங்கை. ஜார்க்கண்டில் கங்கை தொடும் ஒரே மாவட்டம் இதுதான். படித்துறையில் உட்கார்ந்து பாருங்கள்: பழுப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓங்கில் முதுகு ஒன்று எழும்பி மறையும். பார்த்த மாத்திரத்தில் ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

நான் இங்கே நிற்பது என் திறமையால் இல்லை. வெள்ளாளன்விளை அசரியா ஐயா போன்றோர் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து நம் சீமைக்கு இந்தப் பாரம்பரியம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே வைக்கும் அம்மாமார்களின் காணிக்கைதான் எங்களைப் போன்றவர்களை வெளியே அனுப்புகிறது. அந்த அம்மாமார்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் அரிசி வீண் போகவில்லை.

தம்பி தங்கைகளே, படிப்பு முடிந்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் வந்து தங்குங்கள். நர்ஸ், ஆசிரியர், கணக்குத் தெரிந்தவர், யாராக இருந்தாலும் வேலை இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கம்பளியும் கொசுவலையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியும் கொஞ்சம் படித்துக்கொண்டு வாருங்கள். மால்தோவை நாங்கள் சொல்லித் தருகிறோம்.