எலி வளை

போன மாதம் அப்பாவைப் பார்க்க மடுகரைக்குப் போயிருந்தேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி வில்லியனூர், ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று போகிற வழி. புதுச்சேரி மாநிலம் ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டுக்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போது எந்த மாநிலம் என்று பந்தயம் கட்டுவோம். சந்தேகம் வந்தால் பிராந்திக் கடைகளை எண்ணினால் போதும்.

கையில் ஒரு புத்தகம். சாஃப்ட்வேரில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிய நண்பர் ஒருவர் எழுதிய பத்திகளின் தொகுப்பு. பெயர் வேண்டாம், அவர் வீட்டில் இன்னும் காபி குடிக்க வேண்டியிருக்கிறது. நன்றாகத்தான் எழுதுகிறார். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்தது, பொன்னியின் செல்வனை மறுபடி படித்தது, நம் ஜனங்கள் ஏன் க்யூவில் நிற்பதில்லை, மகளுக்கு ஏன் தமிழ் எழுத வரவில்லை. எல்லாம் இருக்கிறது. வில்லியனூர் தாண்டியபோதுதான் உறைத்தது: மனுஷன் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை என்ன செய்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை. 'அலுவலகத்திலிருந்து களைத்து வந்தேன்' என்று ஆரம்பிக்கிறார். களைப்பு மட்டும் இருக்கிறது, களைக்க வைத்தது எது என்பது இல்லை.

சிரித்தேன். அப்புறம் என்னுடைய இரண்டு தொகுப்புகளும் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. அதிலும் இதே கதைதான்.

இது ஒரு வினோதமான விஷயம். தமிழ் நாவலுக்கு வேலையைப் பற்றி எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தால் தூத்துக்குடி உப்பளத்தில் நின்ற மாதிரி கால் எரியும். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' படித்தவனுக்கு மரம் வலிப்பது என்றால் என்ன என்று தோளில் தெரியும். திருப்பூர் பனியன் தொழிலை 'மணல் கடிகை'யில் எம். கோபாலகிருஷ்ணன் கம்பெனி கம்பெனியாகக் காட்டியிருக்கிறார். எங்களுக்கு அதிக தூரமில்லாத விருத்தாசலத்துக்காரர் இமையம், 'கோவேறு கழுதைக'ளில் துணி வெளுக்கிற குடும்பத்தின் கதையை எழுதினார். ஊர்ச் சோற்றை வாங்கி வருகிற அந்தக் கூடையின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. உப்பு, மீன், பனியன், அழுக்குத் துணி எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று வந்தால் கை விட்டு எண்ணிவிடலாம்.

எண்ணுவோமே. 2007-ல் ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' வந்தபோது ஆபீஸ் கேன்டீனில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கிடைக்கிற சம்பளத்தையும் எங்கள் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்ட கேள்வி நியாயமானது, அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்துக்கு நாங்கள் ஒரு சம்பளச் சீட்டு, அவ்வளவுதான். சீட்டுக்குப் பின்னால் ஆள் இல்லை. விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' 2013-ல் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் நிலத்தை விற்றுவிட்டு நின்றவர்களும், அந்த நிலத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனவர்களும் ஒரே நாவலில் வருகிறார்கள். துணிச்சலான புத்தகம். ஆனால் கட்டடத்துக்குள் போனதும் கட்டில்களையும் கள்ளக் காதல்களையும் எட்டிப் பார்க்கிற ஆர்வம் கீபோர்டின் மேல் இல்லை.

மிச்சம் இருப்பது இரா. முருகனின் 'மூன்று விரல்'. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்குகிற அந்த மூன்று விரல்தான் தலைப்பு. முருகன் பாங்கிலும் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து எழுந்தவர். அதனால் கிளையன்ட் முன்னால் வழிவதும், டெட்லைன் நெருங்கும்போது வயிறு பிசைவதும் நிஜமாக இருக்கிறது. முதன்முறை படித்தபோது, அட, நம்ம ஆபீஸ் என்று எழுந்து உட்கார்ந்தேன். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏன்?

கம்பெனி ரகசியம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பார்கள். சும்மா. கம்பெனி பெயரை எடுத்துவிட்டால் ரகசியம் போயிற்று. இன்னொன்று, அந்த வேலையில் என்ன சார் சுவாரசியம் இருக்கிறது, ஒரே இடத்தில் உட்கார்ந்து தட்டுவதுதானே என்பது. கி. ராஜநாராயணனிடம் போய் மண்ணைக் கிளறுவதில் என்ன சுவாரசியம் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கரிசல் காட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே போட்ட மனுஷர். கடைசி முப்பது வருஷமும் எங்கள் புதுச்சேரியில்தான் இருந்தார், 2021-ல் இங்கேதான் காலமானார். மாட்டுக்கும் மழைக்கும் எத்தனை சொல் என்று அவர் சேர்த்துவைத்ததைப் பார்த்தால், சுவாரசியம் வேலையில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது என்று தெரியும்.

நிஜமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். சுஜாதாவைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெங்களூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, சிலிக்கன் சில்லிலிருந்து பாசுரம் வரைக்கும் எல்லாவற்றையும் பேசிக் காட்டியவர். எங்களுக்கு அந்தத் துள்ளல் நடை பிடித்துப் போனது. நடையை எடுத்துக்கொண்டோம். புரியாததை உட்கார வைத்துப் புரிய வைக்கிற பொறுமையை விட்டுவிட்டோம். படித்தவன், நாலு ஊர் பார்த்தவன் என்று காட்டிக்கொள்ள வாசிப்பும் பயணமும் வசதியாக இருக்கிறது. வேலையை எழுதினால் நாம் யாருக்குக் கைகட்டி நிற்கிறோம் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இதற்குக் கூச்சப்படாத ஓர் ஆள் புதுச்சேரியிலேயே இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து 1761 ஜனவரியில் சாகிற வரை எழுதியவர். பிரெஞ்சுக் கும்பினிக்கு துபாஷ். அதாவது வெளிநாட்டு கிளையன்டுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். இன்றைக்கு ஆன்சைட் கோ-ஆர்டினேட்டர் என்று ஒரு அட்டை அடித்துக் கொடுத்திருப்பார்கள். வரலாற்றுக்காரர்கள் அவரிடம் துப்ளேக்ஸையும் யுத்தத்தையும் தேடுகிறார்கள். பிரபஞ்சன் அவரிடமிருந்து 'மானுடம் வெல்லும்' நாவலுக்கான உலகத்தை எடுத்தார். நான் படித்தது வேறு மாதிரி. எந்தக் கப்பல் வந்தது, எந்தத் துணிக்கு என்ன விலை, துரை எதற்குக் கோபப்பட்டார், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், துரையின் பெண்சாதி எனக்கு எப்படிக் குழி பறிக்கிறாள். ஆபீஸ்தான், முழுக்க ஆபீஸ். வாயில் வருகிற தமிழில், பிரெஞ்சுச் சொல் வந்தால் அதையும் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு. இதெல்லாம் இலக்கியம் ஆகுமா என்று அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை.

இன்னொரு விஷயம். 1756-ல் அவரைப் பெரிய துபாஷ் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் எழுதினார்.

இந்த இடத்தில் நான் என் கதைக்கு வர வேண்டும். 2009. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து ஐந்தாறு மாதம், ஹைதராபாத்தில் சத்யம் கணக்கு வெளியே வந்து ஒன்றிரண்டு மாதம். நான் இருந்த கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் பதினொரு பேரைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதில் நானும் ஒருவன். நாலரை மாதம் வேலை இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் வேலை ஜாஸ்திப்பா என்பேன். அந்த நாலரை மாதமும் பத்தி எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அதற்கு முந்தின வருஷம் ப்ராக் நகரத்துக்குப் போனதைப் பற்றி. காஃப்கா வீடு, கல் பாலம், பீர். 'உங்கள் பயணக் கட்டுரை அருமை' என்று நிறைய கடிதம் வந்தது.

அந்தப் பக்கங்களை இப்போது எடுத்துப் படித்தால் காது சுடுகிறது. தப்பாக ஒன்றும் எழுதவில்லை. பாலம் பாலமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதினவன் அதில் இல்லை.

அப்பாவுக்கு என் வேலை என்ன என்று தெரியாது. பெரியப்பா ஒரு தடவை திண்ணையில் வைத்து நேராகவே கேட்டார்: "கம்ப்யூட்டர்ல என்னாதாண்டா பண்ற?" அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்து கொடுக்கிறோம் என்றேன். "அப்ப நீ சொல்தா மாதிரி" என்று முடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவரை அப்படித்தான் சொல்வார்கள். துப்பாக்கி மட்டும் இல்லை, மற்றபடி சரிதான்.

ஆனால் ஒரு ராத்திரி அப்பாவுக்குப் புரிந்தது. வேலை போவதற்கு முந்தின வருஷம். இன்ஷூரன்ஸ் கிளையன்ட். பாலிசி முடியப் போகிறவர்களுக்கு, பணம் கட்டுங்கள் என்று கடிதம் அனுப்புகிற ப்ரோகிராம் எங்கள் கையில் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன், சிலருக்குக் கடிதமே போகவில்லை என்று. தோண்டினோம். ஓ'பிரையன், ஓ'கானர் என்று ஐரிஷ்காரர்கள் பெயருக்கு நடுவில் ஒரு சின்னக் குறி தொங்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் ப்ரோகிராமுக்கு அந்தக் குறி வந்தால் பெயர் முடிந்தது என்று அர்த்தம். மிச்ச எழுத்துகளை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த ஆளையே விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று மாதம் இப்படி. நானூறு சொச்சம் பேர்.

சரி செய்து டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தபோது மணி மூன்றரை. அந்த நேரத்தில் அப்பாவும் முழித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் அந்த வாரம் ராத்திரியில்தான். போன் போட்டேன். மோட்டார் கொட்டகையில் இருந்தார், பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம். என்ன தம்பி இந்நேரத்துக்கு என்றார். என்ன தோன்றியதோ, முழுக்கச் சொன்னேன். பெயர், குறி, கடிதம் எல்லாம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எலி வளைன்னு சொல்லு" என்றார். வரப்பில் எலி வளை போட்டிருந்தால் வெளியே தெரியாது, மேலே பார்த்தால் வரப்பு நன்றாக இருக்கும், ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினாலும் காலையில் கழனி காய்ந்து கிடக்கும். "காலால மெறிச்சிப் பாத்தாதான் தெரியும். நீங்க மெறிச்சிப் பாக்கலியா?"

மிதித்துப் பார்ப்பதற்குத்தான் டெஸ்டிங் என்று ஒரு டிபார்ட்மென்டே இருக்கிறது, அவர்கள் டேட்டாவில் ஐரிஷ்காரன் யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ப்ராக் பாலத்தைப் பற்றி மட்டும் நாலு வாரம் எழுதியிருக்கிறேன்.

மடுகரையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிறது. ஜாவா தெரியும், பைதான் தெரியும், மார்க் எல்லாம் நன்றாக இருக்கிறது. "அண்ணா, ஆபீஸ்ல உண்மையிலேயே என்னா பண்ணுவாங்க?" என்று கேட்டான். நண்பரின் புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு விநாடி நினைத்து, அதைப் பையில் வைத்துவிட்டு, ஓ'பிரையன் கதையைச் சொன்னேன். நெட்டப்பாக்கம் போனது தெரியவில்லை. ஏம்பலத்தில் கூட்டம் ஏறி எங்கள் மேல் சாய்ந்தபோதும் கேட்டுக்கொண்டே வந்தான். முடித்ததும் கேட்டான்.

"சரிண்ணா, கடுதாசி போவாத அந்த நானூறு பேரு பாலிசி என்னாச்சி?"

எனக்குத் தெரியவில்லை. காலை ஆறு மணிக்கு டிக்கெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டோம் என்றேன்.