உளநூற் பட்டமும் நம் உள்ளமும்

உளநூல் கற்கும் மாணாக்கனைக் கண்டால் நம்மவர் இரண்டிலொன்று கேட்கின்றனர். "என் மனத்தில் இருப்பதைச் சொல், பார்ப்போம்" என்பது ஒன்று, "பைத்தியக்காரரைப் பார்க்கும் வேலையா?" என்பது மற்றொன்று. நியாலாஸ் தோட்டத்து லயத்திலும் இதே கேள்வி. மலாக்காப் பட்டணத்துக் கடைவீதியிலும் இதே கேள்வி. கேட்போர்மீது குறை கூறோம். இத்துறையின் பெயரைச் சொல்லித் தமிழில் விற்கப்படும் மலிவுப் பதிப்புக்களைப் புரட்டிப் பார்த்தவர்க்கு வேறெப்படி எண்ணத் தோன்றும்? பிறரை வசியஞ் செய்வது எப்படி, முகத்தைக் கண்டு குணமறிவது எப்படி, எண்ணிய வேலை பெறுவது எப்படி என்பனவே அவற்றின் பொருள். அவற்றுக்கும் சோதிடன் ஓலைக்கும் அட்டையைத் தவிர வேற்றுமை நாம் கண்டிலோம். பல்கலைக் கழகங்களில் கற்பிக்கப்படுவது இதுவன்று. அது யாது, அதில் நமக்குரியது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்பதை ஆராயப் புகுகின்றோம்.

ஜெர்மனியின் லீப்சிக் நகரில் 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் மனத்தை ஆராய்வதற்கென ஓர் ஆய்வுச்சாலை நிறுவினார். தத்துவ வாதிகளின் வாய்ப்போருக்கு உரியதாயிருந்த பொருள் அன்றுமுதல் கடிகாரத்துக்கும் கணக்குக்கும் உட்பட்டது. கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1916-ல் இதற்குத் தனிப் பகுதி கண்டது. சென்னை 1943-ல் கண்டது. நம் நாட்டில் 1979-ல் மலேசியத் தேசியப் பல்கலைக் கழகத்தில் அப்பகுதி தோன்றிற்று.

பட்டத்துக்கு வருவோர் முதலாண்டில் அடையும் ஏமாற்றம் பெரிது. கனவின் பொருளையும் காதலின் இரகசியத்தையும் எதிர்பார்த்து வந்தவர் முன் மூளையின் படமும் புள்ளிக்கணக்கும் வைக்கப்படுகின்றன. குழந்தையின் வளர்ச்சி, நினைவு, கற்றல், கூட்டத்தின் நடத்தை, மனநோய் ஆகியவையும் உண்டு. எனினும் புள்ளிக்கணக்கே இப்படிப்பின் ஆணிவேர் என்போம். ஏனெனில், பூசாரி வேப்பிலை அடித்த பத்துப் பேரில் ஆறு பேர் தெளிந்தனர் என்று ஒருவர் சொன்னால், நம்மவர் அந்த ஆறு பேரை எண்ணிக் கைகூப்புவர். உளநூல் மாணாக்கனோ, "வேப்பிலை அடியாத பத்துப் பேரில் எத்தனை பேர் தாமே தெளிந்தனர்?" என்று கேட்கக் கற்கின்றான். அங்கும் ஆறு பேர் எனின் வேப்பிலைக்கு என்ன வேலை? இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றானாயின் கட்டிய கட்டணம் வீண் போகவில்லை.

சோதிடத்துக்கும் இங்கே விடை உண்டு. அமெரிக்காவில் 1948-ல் பெர்ட்ரம் போரர் எனும் ஆசிரியர் தம் மாணாக்கர் 39 பேருக்கு ஒரு குணச்சோதனை வைத்து, "உன் குணம் இது" என்று ஒவ்வொருவர்க்கும் ஒரு தாள் தந்தார். எவ்வளவு பொருந்துகிறது என அவர்களையே மதிப்பெண் இடச் சொன்னார். ஐந்துக்கு 4.26 சராசரியாக வந்தது. பிறகுதான் உண்மை வெளிப்பட்டது: எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், அதுவும் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்தது! கிளிசோதிடக்காரன் முன் குந்தியிருக்கும் நம் பெரியோர் இதைக் கேட்டுச் சிரிப்பரோ சினப்பரோ, அறியோம்.

நினைவைப் பற்றிய பாடம் இன்னும் அணுக்கமானது. எலிசபெத் லோப்டஸ், ஜான் பால்மர் என்போர் 1974-ல் மோட்டார் விபத்துப் படங்களைக் காட்டி வண்டிகளின் வேகத்தை வினவினர். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர் சொன்ன வேகம் சராசரி 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர் சொன்னது 31.8 மைல். படங்கள் அவையே, சொல்லே வேறு. கிராணியாரின் மேசைமுன் விசாரணைக்கு நின்ற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். "எத்தனை குலை திருடினாய்?" என்று கேட்பதும், "எத்தனை குலை குறைந்தது?" என்று கேட்பதும் ஒன்றாகா.

நிற்க. இனி நம் குறையைச் சொல்லுவோம். ஸ்டான்லி மில்கிராம் 1963-ல் வெளியிட்ட ஆராய்ச்சியை அறியாத உளநூல் மாணாக்கர் இரார். ஆய்வாளர் "தொடர்க" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, 40 பேரில் 26 பேர் அடுத்த அறையில் இருந்தவர்க்கு 450 வோல்ட் மின்சாரம் பாய்ச்சுவதாக நம்பி விசையை இறுதிவரை அழுத்தினர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. மனிதர் அதிகாரத்துக்கு அடங்குவதை இஃது எடுத்துக் காட்டுகிறதென்பர். காட்டட்டும். ஆனால் அங்கு வந்தவர்க்கு நாலரை டாலர் கூலி; இடையில் எழுந்து போனாலும் அது அவரதே என்று முன்னமே சொல்லப்பட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உறங்கலாம். பெரட்டுக் களத்தில் துரைக்கும் கங்காணிக்கும் முன் நின்ற நம் பாட்டன் "மாட்டேன்" என்றிருந்தால், பெயர் வெட்டப்படும். லயத்து வீடு போகும். பிள்ளையின் தோட்டப் பள்ளியும் அதனோடு போகும். இவ்விரண்டு அடக்கத்தையும் ஒரே பெயரால் அழைப்பது எவ்வாறு தகும்?

இக்குறையை நாம் மட்டும் கூறவில்லை, அத்துறையினரே கூறுகின்றனர். அமெரிக்க உளநூற் சங்கத்தின் முதன்மையான இதழ்களை ஆராய்ந்த ஜெப்ரி ஆர்னெட், அவற்றில் ஆராயப்பட்டோரில் 96 விழுக்காட்டினர் மேல்நாட்டுச் செல்வ நாட்டவர் என்று 2008-ல் காட்டினார்; அந்நாடுகளில் வாழ்வோரோ உலக மக்களில் 12 விழுக்காட்டினரே. மேலும், 2015-ல் நூறு ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், ஏறத்தாழ மூன்றிலொன்றே முன்போலத் தேறிற்று. தன் தோல்வியைத் தானே அச்சிட்டுப் பரப்பும் இத்துணிவு எந்தப் புராணிகர்க்கு வாய்த்தது?

அப்படியாயின், "இவையெல்லாம் தொல்காப்பியத்திலேயே உள, மேல்நாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர்" என்று மார்தட்டலாமா? கூடாது. மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம், சோதனைச்சாலைக் குறிப்பன்று. எனினும் அதனை அருகே வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். பால் எக்மன் என்பார் நியூகினி வரை சென்று, மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், வியப்பு, அருவருப்பு என்னும் ஆறும் எங்கும் முகத்தில் ஒரே வகையாய்த் தோன்றும் என்றார். தொல்காப்பியரோ எட்டு மெய்ப்பாடு கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன் கூறினார். அழுகைக்குரிய நிலைக்களன்களில் வறுமையும் ஒன்று. முகத்தை மட்டும் நோக்கும் பட்டியலில் வறுமைக்கு இடமில்லை. இளிவரல் என்பதை நோக்குங்கள். நோயாலும் முதுமையாலும் எளிமையாலும் ஒருவன் தன்னையே தாழ்வாகக் கருதிக் குன்றும் நிலை அது. அஃது அருவருப்பன்று, துயரமும் அன்று. ஆபீஸ் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற மனிதனின் உள்ளத்துக்கு ஏற்ற சொல் அதுவே. நம் பிள்ளைகள் எக்மனின் ஆறையும் தேர்வுக்கு ஒப்பிக்கின்றனர். இளிவரலை அவர்க்குச் சொல்லுவாரில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். இப்பட்டம் பெற்ற அளவில் மகளோ மகனோ மனநோய் தீர்க்கும் உரிமை பெறுவதில்லை. ஆற்றுப்படுத்துநராவதற்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். நோயாளரைக் கவனிக்கும் உளநூலாராவதற்கு முதுகலைப் பயிற்சி வேண்டும். இதை மறைத்துப் பிள்ளை சேர்க்கும் தரகர் பேச்சில் மயங்கிக் கடன்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 2023-ல்தான் இந்நாட்டில் நீக்கப்பட்டது. அத்தகையோர் இனிப் போலீஸுக்கு அஞ்சாமல் மருத்துவமனைக்குப் போகலாம். போகும் இடத்தில் அவர் பேச்சை அவர் மொழியில் கேட்டறிய வல்லவர் இருக்க வேண்டுமன்றோ?

உலகெங்கும் வழங்கும் ஒன்பது கேள்வி வினாத்தாள் ஒன்று உண்டு. சென்ற இரண்டு வாரத்தில் எத்தனை நாள் செயல்களில் நாட்டமின்றி இருந்தீர் என்று அது கேட்கும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் மூதாட்டியிடம் இதைக் கேட்டால், "நாட்டம் பார்த்தா வேலைக்குப் போறோம்? நெஞ்சு கனக்குது, கை கால் ஓயுது, அவ்வளவுதான்" என்பார். அவ்விடைக்குத் தாளில் கட்டம் இல்லை. இறுதியாண்டில் ஆய்வேடு எழுதப் பொருள் தேடும் நியாலாஸ், ஆசகான், ஜாசின் மாணாக்கர், மேல்நாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்து நிரப்புமுன், இம்மூதாட்டி போன்றோர் தம் வருத்தத்தை எச்சொற்களால் சொல்கின்றனர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். அச்சொற்களைக் கொண்டே கேள்விகளை அமைத்து, நூறு பேரிடம் கேட்டுக் கணக்கிட்டு, தேறாதவற்றைத் தள்ளட்டும். இளிவரலும் தேறாவிடில் அதையும் தள்ளட்டும்.