பெயர் சேர்ப்பதோடு முடியாத ஏடு

திருச்சபைகள் பதிவேடு எழுதும் முறையில் மூன்று மரபுகளைப் பிரித்துக் காட்டலாம். கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் தாய் ஏடு. ஒருவர் பின்னாளில் எந்த ஊரில் மணம் முடித்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போய், அந்தப் பழைய பதிவிலேயே திருமணக் குறிப்பும் ஏற வேண்டும் என்பது விதி. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல், நற்கருணை, சந்தா ஆகியவற்றை ஒட்டி முழு உறுப்பினர் பட்டியல் அமைகிறது. சபைத் தேர்தலில் வாக்குரிமையும் அதைத் தொட்டே வருகிறது. நண்பர்கள் சங்கத்தார் என்ற குவேக்கர்களிடமோ ஞானஸ்நானமும் இல்லை, பிரிட்டிஷ் மரபில் சடங்கு நடத்தும் ஆயரும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் சபையாகப் பெருகவில்லை. சென்னையில் ஆசிரியராக இருந்து பின்னர் கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜோரி சைக்ஸ் போன்ற சிலர் வழியாகவே நாம் அவர்களை அறிவோம். ஆனாலும் ஊர்விட்டு ஊர் பிழைக்க வருவோர் நிறைந்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிச் சபைகள் பாடம் கேட்க வேண்டியது இந்தச் சிறு கூட்டத்திடம்தான் என்பது என் துணிபு.

குவேக்கர் உறுப்பினர் முறை வறுமையிலிருந்து பிறந்தது. தங்கள் ஊர்ச் சபையை அவர்கள் கூட்டம் என்றே அழைப்பார்கள். வேலை தேடி இடம்பெயர்ந்த ஏழைக் குவேக்கர் நோயில் விழுந்தால் அவருக்கு உதவ வேண்டியது பழைய ஊர்க் கூட்டமா, புதிய ஊர்க் கூட்டமா? இந்த வழக்குக்கு முடிவு கட்டவே, குறிப்பிட்ட நாளில் யார் எங்கே வசித்தாரோ அந்த ஊர்க் கூட்டத்தின் உறுப்பினர் அவர் என்று 1737-இல் பிரிட்டிஷ் குவேக்கர்களின் தலைமை அமைப்பான லண்டன் ஆண்டுக் கூட்டம் விதித்தது. அதாவது, ஏட்டில் பெயர் இருந்தால் அவருடைய பசிக்கும் கூட்டம் பொறுப்பு. அந்நாளில் ஊர் மாறியவருக்குப் பழைய கூட்டம் சான்று எழுதித் தந்தது: நடத்தை ஒழுங்கானது, கடன் பாக்கி இல்லை, வேறு திருமண உடன்பாடு இல்லை. புதிய கூட்டம் அதை வாசித்து, ஏற்றதாகத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. திருமணத்திலும் இதே கண்டிப்பு. மணமக்கள் தாங்களே எழுந்து வாக்குறுதி சொல்வார்கள். வந்திருக்கும் அத்தனை பேரும் சான்றிதழில் வரிசையாகக் கையெழுத்திடுவார்கள். குரு ஒருவரின் கையெழுத்து நிற்கும் இடத்தில் ஒரு சபையே நிற்கிறது.

ஏடு ஆளை வெளியே தள்ளவும் பயன்படும் என்பார்கள். உண்மை. சங்கத்துக்கு வெளியே மணந்தவர்களைப் பிரிட்டிஷ் குவேக்கர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் எத்தனையோ குடும்பங்களை இழந்தார்கள். அந்தக் குற்றம் விதியினுடையது, எழுதி வைத்ததனுடையது அல்ல. எழுதி வைத்ததால்தான் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது, விதியும் மாறியது. இன்று பல கூட்டங்கள் உறுப்பினராகாமல் தொடர்ந்து வருவோர் பெயரையும் தனியே குறித்து வைக்கின்றன. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. பிறந்ததையும் இறந்ததையும் அரசு எழுதும். நடுவில் ஒருவர் எந்த வாடகை அறையில் காய்ச்சலோடு கிடக்கிறார் என்பதை அது எழுதாது.

சிப்காட் தொழில் வளாகத்துக்கும் காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் வேலைக்கு வருகிறவரின் பெயர் நெல்லையிலோ ஒடிசாவிலோ ஒரு சபையில் இருக்கும். இங்கே பின்வரிசையில் அமர்ந்து போகிறவராகவே இருப்பார். கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் வாழும் ஈழத்தமிழருக்கோ, மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதப்பட்ட ஒரு ஞானஸ்நானப் பதிவு, தாம் பிறந்த ஊருக்குக் கைவசமுள்ள ஒரே சான்றாகக்கூட இருக்கலாம். சந்தா கட்டியவர் யார் என்று மட்டும் பார்க்கும் பட்டியலில் இவ்விருவருக்கும் இடமில்லை. ஆகவே இப்பகுதிச் சேகரச் செயலாளர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள்: வருகிறவர் எந்தச் சபையிலிருந்து வந்தார், போகிறவர் எங்கே போகிறார் என்று எழுத இரண்டு பத்திகளை உங்கள் ஏட்டில் இந்த ஆண்டே சேருங்கள்; போகிறவர் கையில் ஒரு கடிதமும் கொடுத்தனுப்புங்கள்.