மரியாதை என்னும் எல்லை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் பல. சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றினிடையே, படிப்போர் கண்ணுக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் கோரிக்கை ஒன்றும் இடம்பெற்றிருந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னும் தோட்ட அலுவலர்க்கு முன்னும் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்ல இசைவு வேண்டும் என்பதே அது.

கூலிக்காகவும் கல்விக்காகவும் போராடிய மக்கள், மிதிவண்டியிலிருந்து இறங்குவதையும் இறங்காதிருப்பதையும் ஏன் ஒரு பொருட்டாகக் கருதினர்? இவ்வினாவிற்குரிய விடை, தோட்ட வாழ்வின் உயிர்நாடியைத் தொடுவதாகும். எதிரே துரையோ கிராணியோ வந்தால் வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்பது அக்காலத் தோட்டங்களில் எதிர்பார்க்கப்பட்ட நடைமுறை. அதற்கு வழங்கிய பெயர் ‘மரியாதை’. வண்டி தொழிலாளியின் சொந்தப் பொருள். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஆயினும் அதன்மீது அமர்ந்து செல்லும் உரிமை, எதிரே வருபவர் யார் என்பதைப் பொறுத்தே அமைந்தது. அந்நிலையை ஏற்க மறுத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே என எண்ண இடமுண்டு. மிதிவண்டி அவர்களது ஊர்தியன்றோ!

அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் இதழாளர். அவர் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டப் பகுதிகளுக்கும் பரவிற்று. அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். மரியாதையைக் கோரியவர்க்குக் கிடைத்த மறுமொழி இதுவே.

கோல சிலாங்கூர் வட்டாரத்தை நோக்கினால் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம் புலனாகும். பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. அதனைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, தம் மலாயா வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய நாவலுக்காக 1930ஆம் ஆண்டு பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். துரையின் குரல் உலக இலக்கியத்துள் ஒரு நாவலாய் நுழைந்தது. தொழிலாளியின் குரலோ, பதினோர் ஆண்டுகள் கழித்து, ஒரு கோரிக்கைப் பட்டியலாய் வரலாற்றுள் நுழைந்தது. இலக்கியத் திறனாய்வாளர் பின்னதையும் ஓர் இலக்கியச் சான்றாகக் கொண்டு படித்தல் தகும்.

‘மரியாதை’ என்னும் சொல்லை ஆராய்தல் ஈண்டு இன்றியமையாதது. இது வடமொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் இதற்கு எல்லை, கரை, வரம்பு என்பன பொருள்கள். கடலுக்குக் கரையும் வயலுக்கு வரப்பும் எப்படியோ, அப்படியே மனிதர்தம் நடத்தைக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதே இச்சொல்லின் அடிக்கருத்து. வரப்பு என்பது இரு வயல்களுக்கும் பொது. ஒருபக்கத்தானை மட்டும் தடுத்து மறுபக்கத்தானைத் தாராளமாக உள்ளே விடுவது வரப்பாகாது. ‘மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு’ என்னும் மக்கள் வழக்கும் இதனையே வலியுறுத்துகிறது. தோட்டத்தில் மரியாதை என்று வழங்கப்பட்டது இருவரையும் கட்டுப்படுத்திய வரம்பு ஆகாது. ஒருவன் மட்டும் சுமந்த அச்சமே அப்பெயரில் உலவியது.

காலம் மாறியது. துரைமார் சென்றனர். கித்தாக் காடுகள் செம்பனைக் காடுகளாயின. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள், பெஸ்தாரி ஜெயா என இன்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் உள்ள குடியிருப்புகளில் வளர்கின்றனர். பாட்டன் மிதித்த மிதிவண்டியின் இடத்தைப் பேரனின் மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. துரை நின்ற இடத்திலோ, சாலைத் தடுப்பின் அருகே காவலர் நிற்கிறார்.

காவலரையும் துரையையும் ஒன்றாகக் கருதுதல் முறையன்று. துரை தம் இலாபத்தைக் காத்தவர். காவலர் பொதுமக்கள் உயிரைக் காக்கக் கடமைப்பட்டவர். நள்ளிரவில் நெடுஞ்சாலையைப் பந்தயத் திடலாக்கும் இளைஞர் தமக்கும் பிறர்க்கும் கேடு சூழ்கின்றனர் என்பதை எவரும் மறுக்க இயலாது. மழையிலும் இருளிலும் நின்று அவர்களைத் தடுக்கும் காவலருள் பலர், தாமும் இளைஞர்களே. தாமும் ஏதோ ஒரு கம்பத்தின் எளிய வீட்டிலிருந்து வந்தவர்களே. அவர்கள் பணியை இகழ்வது அறியாமை.

ஆயினும் சாலையோரத்தில் நிகழும் அச்சந்திப்பின் முதற்சொல் எது என்பது கருதற்பாலது. மலாய் மொழியில் அறிமுகமில்லாத ஓர் இளைஞனை ‘ஆடிக்’, அஃதாவது தம்பி, என்றும் அழைக்கலாம். ‘கௌ’ என்று ஒருமையில் விளித்து அதட்டவும் செய்யலாம். இரண்டிலும் அடையாள அட்டை கேட்கப்படுகிறது. இரண்டிலும் சட்டம் நிறைவேறுகிறது. ஆனால் முன்னதில் ஒரு குடிமகன் நிற்கிறான். பின்னதில் ஓர் ஐயத்திற்குரியவன் நிற்கிறான். இளைஞன் தரும் விடையும் அம்முதற்சொல்லுக்கேற்பவே அமைகிறது. அவன் ‘துவான்’ எனப் பணிவுடன் தொடங்குவதும், முறைத்து நிற்பதும், வண்டியை முறுக்கி ஓடுவதும் சந்திப்பின் போக்கை மாற்ற வல்லன. வரப்பு இருவர்க்கும் பொது என்று முன்னர்க் கூறியது இதனாலேயே.

காவலர் பண்பு குறித்துத் தமிழ் இலக்கியம் எதிரெதிரான இரு ஓவியங்களைத் தீட்டியுள்ளது. இரண்டும் மதுரை மாநகரைப் பற்றியவை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றித் திரியும் ஊர்க்காவலர் வருகின்றனர். யானையைத் தேடும் புலிபோல் அவர்கள் கள்வரைத் தேடுகின்றனர். அஞ்சாமையை மட்டும் புலவர் போற்றவில்லை. நூல்கள் வகுத்த நெறியினின்று பிறழாத நுண்ணிய தேர்ச்சி உடையோர் என்றும் அவர்களைச் சிறப்பிக்கிறார். வீரமும் விதியறிவும் ஒருங்கே பெற்றவரே காவலர் என்பது அவர் கருத்து.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் காண்பது வேறு காட்சி. அரசன் ஆராயாமல் ஆணையிடுகிறான். பொற்கொல்லன் காவலரை அழைத்துச் சென்று கோவலனைக் காட்டுகிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைத் தண்டத்திற்கு உரியவனாகத் தோன்றவில்லையே எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் எண்வகைத் துணைகளை விரித்துரைக்கிறான். வேலேந்திய இளைஞன் ஒருவன், முன்னொருநாள் மழையிருளில் தன்னை ஏய்த்துத் தப்பிய வேறொரு கள்வனின் கதையைக் கூறுகிறான். இவ்வாறு பேச்சு நீள்கையில், கல்லாதவனும் குடிவெறி கொண்டவனுமாகிய ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இக்காட்சியில் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டுவன மூன்று. முதலாவது, அத்தனை பேர் சூழ்ந்து நின்றும் ஒருவரேனும் கோவலனிடம் ஒரு வினா எழுப்பவில்லை. கள்வரைப் பற்றி எல்லாரும் பேசினர். எதிரே நின்றவனிடம் எவரும் பேசவில்லை. இரண்டாவது, வேறொரு கள்வன் செய்த தவறு இவன் தலையில் சுமத்தப்பட்டது. ‘இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான்’ என்னும் பொதுக்கருத்து, தனி மனிதனை மறைத்துவிட்டது. மூன்றாவது, தயங்கிய காவலரின் நல்லுள்ளம் கோவலனைக் காக்கவில்லை. ஏனெனில் வாளைத் தடுக்கும் முறை எதுவும் அங்கே இல்லை. நல்லவர் ஒருவர் இருப்பது போதாது, நல்ல முறையும் இருத்தல் வேண்டும் என்பதே இளங்கோவடிகள் காட்டும் அரசியல் அறம் எனலாம்.

கற்பனைக் காவியத்தோடு இது முடிந்துவிடவில்லை. 2009 ஜனவரியில், கார்த் திருட்டு ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட 22 வயதுத் தமிழ் இளைஞர் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் உயிரிழந்தார். 2013ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் அவர் குடும்பத்திற்கு 8 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரலில், உரிமமின்றிக் கார் ஓட்டிய 14 வயது மலாய்ச் சிறுவன், காவலர் துரத்துகையில் ஷா ஆலாமில் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவரைக் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. 2012ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் விடுவித்தது. இரு நிகழ்ச்சிகளும் சிலாங்கூரிலேயே நேர்ந்தவை. இது தமிழர்க்கு மட்டும் உரிய துயரன்று. இந்நாட்டு இளையோர் அனைவர்க்கும் பொதுவான வினா என்பதை இரண்டாம் நிகழ்ச்சி உணர்த்தும்.

முறை வேண்டும் என்பதை அரசும் அறியாமலில்லை. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் தலைமையில் 2004ஆம் ஆண்டு அமைந்த அரச ஆணையம், மறு ஆண்டு 125 பரிந்துரைகளை வழங்கியது. காவல்துறை மீதான முறையீடுகளை விசாரிக்கத் தனித்தியங்கும் ஆணையம் ஒன்று வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. நீண்ட இழுபறிக்குப் பின் 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2023 ஜூலை முதல் நாள் காவல்துறை நடத்தை ஆணையம் செயற்படத் தொடங்கியது. ஆயினும் விசாரித்துப் பரிந்துரைக்கும் அதிகாரமே அதற்குண்டு. தாமாகத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. சைடின் ஆணையம் விரும்பிய அளவிற்கு வரப்பு உயரவில்லை என்றே கூறவேண்டும்.

இளைஞர்தம் சக்கரங்களைக் கண்டு அஞ்சுவது இந்நாட்டிற்கு மட்டும் உரிய இயல்பன்று. சக்கரம் பொருத்திய சறுக்குப் பலகையை நார்வே அரசு 1978ஆம் ஆண்டு தடைசெய்தது. இளைஞர் காடுகளில் மறைந்து விளையாடினர். 1989ஆம் ஆண்டு அத்தடை நீங்கிற்று. 2021ஆம் ஆண்டு நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டிற்குப் பதக்கமே வழங்கப்பட்டது. நேற்றுக் குற்றமெனக் கருதப்பட்டது இன்று திறமையெனப் பாராட்டப்படுகிறது. இளமையின் வேகத்திற்குத் தக்க இடம் ஒதுக்கித் தரும் சமுதாயம், அவ்வேகத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய தேவை குறையும். தோட்டங்கள் இருந்த காலத்தில் இளைஞர்க்குப் பந்துத் திடலேனும் இருந்தது. தோட்டம் போனபோது திடலும் சேர்ந்து போயிற்று என்பதை மறத்தலாகாது.

குறை முழுவதையும் காவல்துறையின் மீது சுமத்தித் தமிழ்ச் சமுதாயம் கைகழுவிவிட முடியாது. சோறுண்ண மறுக்கும் குழந்தையிடம் ‘போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான்’ என்று மிரட்டாத வீடுகள் எத்தனை? சீருடையைக் கண்டு ஒளியவேண்டும் என்னும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கங்காணியின் முன் நடுங்கிய தலைமுறை, அந்நடுக்கத்தையே பண்பாடு எனப் பிள்ளைகளுக்கு ஊட்டியது. அதனை வெறுத்த பிள்ளைகளுள் சிலர், முரட்டுத்தனத்தையே தன்மானம் எனக் கொண்டனர். நடுக்கமும் முரட்டுத்தனமும் ஒரே கிளையில் காய்த்த இரு கனிகள். மரியாதை அவ்விரண்டும் அல்லாத மூன்றாவது நிலை.

மலேசியத் தமிழ்ப் படைப்பாளர்க்கும் இதில் பங்குண்டு. காவலர் கதைகளில் பெரும்பாலும் இறுதிப் பகுதியில் வருபவர். கைவிலங்கோடு வந்து, தீயவனைக் கொண்டுசெல்வதோடு அவர் பணி முடிந்துவிடும். இளைஞனோ ‘திருந்தாதவன்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவான். இருவரும் சாலையோரத்தில் சில நிமிடங்கள் ஒருவரையொருவர் பார்த்து நிற்கும் அந்நேரத்தை, இருவர் உள்ளத்தினுள்ளும் புகுந்து எழுதும் எழுத்து இன்னும் மிகுதியாக வேண்டும். பொற்கொல்லனையும் தயங்கிய காவலனையும் வாள்வீசியவனையும் தனித்தனி மனிதர்களாகப் படைத்த காப்பியத்தின் வழிவந்தவர்க்கு இது இயலாத செயலன்று.

பள்ளிகளிலும் செய்யத்தக்கது உண்டு. கைது செய்யப்பட்டவர்க்குக் காரணம் கூறப்பட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அவர் நீதிபதிமுன் நிறுத்தப்பட வேண்டும் எனக் கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு விதிக்கிறது. உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் செய்தி தெரிவிக்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழங்குகிறது. 18 வயது நிரம்பாதவர்க்கு 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் மேலும் சில காப்புகளைத் தருகிறது. வழக்கறிஞர் மன்றம் இவ்வுரிமைகளை விளக்கி வெளியிட்ட சிறு நூல் தமிழிலும் கிடைக்கிறது. செய்யுளுக்குப் பொருள் கூறக் கற்ற மாணவன் இவ்விதிகளுக்கும் பொருள் கூறக் கற்றல் நன்று. உரிமையை அறிந்தவன் கூச்சலிட வேண்டியதில்லை; ஓடவும் வேண்டியதில்லை. அமைதியாக நின்று, பணிவாகவே வினவ அவனால் இயலும்.

திருக்குறளின் 57ஆம் அதிகாரத்திற்கு ‘வெருவந்த செய்யாமை’ என்று பெயர். குடிமக்கள் அஞ்சத்தக்கவற்றை ஆள்வோர் செய்யலாகாது என்பது அதன் பொருள். அவ்வதிகாரம் ஆள்வோரை நோக்கியே பேசுகிறது என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. இரு பக்கத்தாரும் வரம்பைப் பேணவேண்டும் என்பது உண்மை. ஆனால் துப்பாக்கியும் விலங்கும் ஒருபக்கத்தில் மட்டும் இருக்கையில், முதலடி எடுத்துவைக்க வேண்டியவர் அவற்றை ஏந்தியவரே. அவர் ‘தம்பி’ என்று தொடங்கட்டும். இளைஞன் வண்டியை நிறுத்தி நிமிர்ந்து நின்று விடை கூறட்டும். மதுரைக்காஞ்சி போற்றிய காவலரை இந்நாட்டுச் சாலைகளில் காண்பதற்கு அதுவே வழி.