ஐந்தாவது ஃபில்டர்

போன மாசம் அண்ணன் போன் பண்ணினார். பெரியப்பா மகன். பிஎஸ்6 டீசல் கார் வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து கடைக்கு ஆறு கிலோமீட்டர், கடையிலிருந்து வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர், அவ்வளவுதான் அந்த வண்டியின் உலகம். டிபிஎஃப் விளக்கு இரண்டாவது முறையாக எரிந்திருக்கிறது. "தம்பி, அதை வெட்டி எடுத்துட்டு ரீமேப் பண்ணிட்டா தலைவலியே விட்டுதுங்கிறாங்க. எடுத்துடலாமா?" என்று கேட்டார். கூடவே ஆறேழு வீடியோக்களையும் அனுப்பி வைத்தார்.

எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். பேசுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் வாதம் ஒன்றேதான். அந்த வாதத்தை எடைபோட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் உண்மை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

டிபிஎஃப் என்பது டீசல் புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். சைலன்சர் குழாயின் வழியில், இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் அறைகள். கரி சேர்ந்தால் அதை எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு இன்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, ஃபில்டரின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றும். இந்த வேலை முடிய வண்டி விடாமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஆறு கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும். கரி ஏறிக்கொண்டே போகும். அண்ணன் வண்டிக்கு வந்த வியாதி இதுதான்.

வீடியோக்களின் முதல் வாதம்: டிபிஎஃப்பை எடுத்தால் மைலேஜ் கூடும், பிக்கப் கூடும். மைலேஜ் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. கரியை எரிக்கச் செலவாகும் டீசல் மிச்சம், புகை வெளியேறும் வழியில் தடையும் குறைவு. ஆனால் பிக்கப் விஷயத்தில் ஒரு கண்கட்டு இருக்கிறது. ஃபில்டரை எடுக்கும்போதே ரீமேப்பும் செய்கிறார்கள். அதில் டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் ஏற்றிவிடுகிறார்கள். வண்டி சீறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பெயர் மட்டும் ஃபில்டரை எடுத்ததற்குப் போகிறது.

இரண்டாவது வாதம் ஆயில் பற்றியது. இதுதான் இருப்பதிலேயே வலுவானது. "இஜிஆர் புகையைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்புது, ஆயில் கெட்டுப்போகுது. டிபிஎஃப் எரிப்பு டீசலை ஆயில்ல கலக்குது. ரெண்டையும் மூடினா இன்ஜின் ஆயுசு கூடும்" என்கிறார்கள். இரண்டு குற்றச்சாட்டுமே சரி. இஜிஆர் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கிறது. அதற்கு விலையாக ஆயிலில் கரி கூடுகிறது. அந்தக் கரியை ஆயில் ஃபில்டராலும் பிடிக்க முடியாது. சாதாரண ஆயில் ஃபில்டரின் காகிதம் இருபது, முப்பது மைக்ரான் அளவுத் துகளைப் பிடிக்கும். கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாளிலேயே டீசல் வண்டியில் ஆயில் கறுத்துப்போவது இதனால்தான். பாதியில் நின்ற எரிப்புகளால் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலப்பதும் உண்மை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் இதன் மறுபாதியை எந்த வீடியோவும் சொல்லவில்லை. ஆயில்தான் டிபிஎஃப்பையும் கெடுக்கிறது. ஆயிலில் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மானங்கள் உண்டு. இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் குடிக்கும்போது அவை சாம்பலாகி டிபிஎஃப்பில் போய்த் தங்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 என்று போட்டிருக்கும். அண்ணனிடம் "என்ன ஆயில் ஊத்தினீங்க?" என்று கேட்டேன். தெரியவில்லை. வாரன்டி முடிந்ததிலிருந்து வெளியில் சர்வீஸ், டீசலுக்கு உள்ள ஆயில் ஏதோ ஒன்று. ஆயில் ஃபில்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் கம்பெனி ஃபில்டர்தானாம். அதைப் பெருமையாகவே சொன்னார்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு டீசல் காரில் ஐந்து ஃபில்டர் இருக்கிறது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் மூன்றும் இன்ஜினைக் காப்பாற்றுகின்றன. ஏசியில் இருக்கும் கேபின் ஃபில்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களைக் காப்பாற்றுகிறது. இந்த நாலில் எது அடைத்தாலும் நாம் புதுசு மாற்றுகிறோம். வெட்டி எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாவது ஃபில்டர் மட்டும்தான் வண்டிக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக இருக்கிறது. அது ஒன்றைத்தான் வெட்டச் சொல்கிறார்கள். இந்த வாதத்தின் தொழில்நுட்பப் பேச்சையெல்லாம் கழித்துவிட்டால் கடைசியில் மிஞ்சுவது இந்தக் கணக்குதான்.

மூன்றாவது வாதம்: "பொல்யூஷன் டெஸ்ட்ல பாஸ் ஆகும், நாங்க கேரண்டி." இதுவும் அநேகமாக உண்மை. டீசல் வண்டிக்கு நம் ஊர் சோதனை, ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் புகையின் கருமையை அளப்பது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. துகள்களை எண்ணுவதும் இல்லை. ஒழுங்காக டியூன் செய்த காமன் ரயில் இன்ஜின், டிபிஎஃப் இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கரும்புகை விடாது. ஆனால் பிஎஸ்4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் அனுமதி, பிஎஸ்6-இல் 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடு 250-இலிருந்து 80 மில்லிகிராமுக்கு இறங்கியது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வந்த இந்த வித்தியாசத்தைத்தான் இரண்டு மணி நேர வெல்டிங் வேலை அழித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத புகை நல்ல புகை ஆகிவிடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்க முடியாதா? பிரிட்டனில் 2014-இலிருந்து வருடாந்திரச் சோதனையில் டிபிஎஃப் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப வெல்டிங் செய்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நெதர்லாந்து 2023 ஜனவரியிலிருந்து துகள்களை எண்ணும் கருவியையே சோதனைக்குக் கொண்டுவந்தது, ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையில். வெறும் கூடு அங்கே மாட்டிக்கொள்ளும். நம்மிடம் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றக் கூடாது என்கிறது, 2019 திருத்தம் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. அளக்கும் கருவி இல்லாத சட்டம், ஆள் இல்லாத செக்போஸ்ட் மாதிரி.

நாலாவது வாதம்: "கம்பெனிக்காரனே ஏமாத்தினான், நாம யோக்கியமா இருந்து என்ன ஆகப்போகுது?" ஃபோக்ஸ்வாகனைச் சொல்கிறார்கள். உலகமெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில், சோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாக ஓடும் சாப்ட்வேரை அது வைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளியே வந்தது. சாலையில் அந்தக் கார்கள் அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. அது ஊரை ஏமாற்றிய வேலை, சரி. அதையே நாம் தகடும் லேப்டாப்பும் வைத்துச் செய்தால் மட்டும் வேறு பெயரா? தனி ஆள் செய்வதால் என்ன ஆகிவிடும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இந்தக் கருவிகளைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்பு 2020-இல் மதிப்பிட்டது. அதனால் சேரும் மாசு, ஒழுங்கான 90 லட்சம் பிக்கப் வண்டிகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம். ஒவ்வொருவரும் "என் ஒரு வண்டிதானே" என்று நினைத்தவர்கள்தான்.

கம்பெனிகள் மேல் எனக்கும் கோபம் உண்டு, வேறு காரணத்துக்காக. தினம் ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிற ஆளிடம் "உங்களுக்கு டீசல் ஒத்துவராது சார்" என்று ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. விஷயமெல்லாம் கையேட்டில் எங்கோ இருக்கிறது. விளக்கு எரிந்த பிறகுதான் அந்தக் கையேடே வெளியே வருகிறது. விற்றவர் லாபம் பார்த்தாயிற்று, வாங்கியவருக்குத் தலைவலி. அந்தத் தலைவலியைச் சிக்னலில் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கிற பிள்ளையின் மூக்குக்கு மாற்றிவிடுவதைத்தான் வீடியோக்கள் தீர்வு என்கின்றன.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதை வச்சிருந்தா எனக்கு என்ன லாபம்?" என்றார். ஒரு லாபமும் இல்லை என்றேன். அது அவருக்கான ஃபில்டரே இல்லை.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோலுக்கு மாறினால் என்ன விலை வரும் என்று கேட்டார். அதுவரைக்கும் சாம்பல் குறைவான ஆயிலுக்கு மாற்றி, வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டுவதாகப் பேச்சு. ஆயில் டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.